காரின் பிரேக்கை நாமே மாற்றலாம்

சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பர். தேரை நிறுத்துவோரோ ஒரு சிலர்தாம். அவர்கள் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருவார்கள். கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டை. தேர் எங்கே நிற்க வேண்டுமோ, எங்கே திரும்ப வேண்டுமோ, அங்கே அந்தக் கட்டையைச் சக்கரத்தின் முன்னே செருகுவார்கள். இழுப்பதற்கு ஊரே கூட வேண்டும். நிறுத்துவதற்கு இடமும் வேளையும் அறிந்த நாலு பேர் போதும். பிறர் காரியத்தைக் கெடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று ஏசுகிறோம். பாவம் முட்டுக்கட்டை! அது இல்லாவிட்டால் தேர் எந்த வீட்டுத் திண்ணையில் போய் ஏறும் என்று யாரும் எண்ணுவதில்லை.

இன்று நம் மாணவிகளில் பலர் வீட்டில் கார் இருக்கிறது. புது வண்டி வாங்கியதும் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய் மந்திரித்து, கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டு ஓட்டுகிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் அந்த வண்டியை நிறுத்துகிற பொருள் எது, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை கிடையாது. ‘ஒர்க்‌ஷாப்பில் பார்த்துக்கொள்வார்கள்’ என்பதே பதில். அதை நாமே பார்க்கவும், தேய்ந்திருந்தால் நாமே மாற்றவும் முடியும் என்பதை விளக்கவே இக்கட்டுரை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. படித்ததைக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் புதிது.

முதலில் ஒரு கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். வண்டி நிற்கும்போது இந்த ஆற்றல் எங்கே போகிறது? ஆற்றலை அழிக்க முடியாது என்று படித்திருக்கிறோம். அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. அதில் பெரும்பகுதி பிரேக்கில் பிறக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 63 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. அதுவும் நாலைந்து வினாடிக்குள்! வேகம் 30 கி.மீ. ஆகக் குறைந்தால் ஆற்றல் பாதியாகாது, கால் பங்காகும். வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் மாறுகிறது என்ற சூத்திரம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. காய்ந்த நல்ல சாலையில் 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பின்னும் சுமார் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை மிதிக்கும் அந்த ஒரு வினாடியில் ஏற்கெனவே 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும். திங்கள்சந்தையில் கூட்டம் சாலைக்கு வழியும் நேரத்தையும், நம் பள்ளி விடும் நேரத்தையும் நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள்.

மலையிறக்கத்தில் இன்னும் மோசம். அதே கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், 60 கி.மீ. வேகத்திலிருந்து 35 முறை நிறுத்தியதற்குச் சமமான வெப்பம் பிரேக்கில் சேரும். அப்போது பிடிப்பு குறையும். மிதித்தாலும் வண்டி நிற்காது. ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுவே. இன்ஜின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பெண் செய்த முதல் பிரேக் லைனிங்

பிரேக் வேலை ஆண்களுடையது என்று நினைப்பவர்கள் ஒரு வரலாற்றை அறிய வேண்டும். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் பெட்ரோல் மோட்டார் வண்டியைச் செய்தார். அவருடைய மனைவி பெர்த்தா, தமக்குரிய சீதனப் பணத்தைத் திருமணத்திற்கு முன்பே அவருடைய தொழிலில் போட்டவர். வண்டியை வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்டு மாதம் ஒரு காலையில், கணவரிடம் சொல்லாமலே, பெர்த்தா தம் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டிற்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. உடனே ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணியடித்து வாங்கினார். மோட்டார் வண்டிக்குப் போட்ட முதல் பிரேக் லைனிங் அதுதான். தேய்வதை ஒரு மாற்றத்தக்க பொருளாக வைத்து, தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றுவது என்ற எண்ணம் அன்று முதல் இன்றுவரை மாறவில்லை.

1897-இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இத்தகைய லைனிங் செய்வதையே தொழிலாகத் தொடங்கினார். 1902-இல் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் வட்டுத் தடைக்கு, அதாவது டிஸ்க் பிரேக்கிற்கு, காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலத்தில் உலோகத்தோடு உலோகம் உரசிய ஓசையைத் தாங்க முடியவில்லை. 1953-இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. நம் மாநிலத்தில் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-லும், ரானே பிரேக் லைனிங் 1964-லும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-லும் தோன்றின. நம் ஊர்க் கடையில் வாங்கும் பெட்டியின் மேல் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் வியப்பதற்கில்லை.

வேலை செய்யும் விதம்

இன்றைய சிறு கார்களில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். முன்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்பு வட்டு சுழல்கிறது. அதன் இருபுறமும் இரண்டு பேட்கள். இவற்றை அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கைக்குக் காலிப்பர் என்று பெயர். காலிப்பருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. நாம் மிதிக்கும்போது பிரேக் ஆயில் அந்தப் பிஸ்டனைத் தள்ள, பேட்கள் வட்டைக் கவ்வுகின்றன. சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வுவதும் இதுவும் ஒன்றே.

மெல்லிய ஒரு காலால் ஆயிரம் கிலோ வண்டியை நிறுத்துவது எப்படி? இங்கேதான் பாஸ்கல் விதி வருகிறது. (இந்தப் பாஸ்கலின் தங்கை ஜாக்குலின் 1652-இல் கன்னிமடத்தில் சேர்ந்தவர் என்பது நம் சகோதரிகளுக்குச் சுவையான செய்தியாயிருக்கும்.) மிதிகட்டையில் 20 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறோம் என்போம். மிதிகட்டை ஒரு நெம்புகோல். நாலு மடங்காக்கி 80 கிலோவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகிறது. அதன் பிஸ்டன் 2 செ.மீ. விட்டம், காலிப்பர் பிஸ்டன் 5 செ.மீ. விட்டம் என்றால் பரப்புகளின் விகிதம் 6¼. ஆகவே சக்கரத்தருகே 500 கிலோ! இது போதாதென்று இன்ஜினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டரும் உதவுகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பின் கட்டை கல்லாகிவிடும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைப்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

தேய்ந்ததை அறிவது எப்படி?

பல பேட்களில் ஒரு சிறு எஃகுத் தகடு உண்டு. பேட் தேய்ந்து மெலிந்ததும் அத்தகடு வட்டில் உரசிக் ‘கீச்’சென்று கத்தும். அது கெட்டதன் அறிகுறியன்று. கெடுமுன் நம்மை அழைக்கும் மணி. அந்த மணியைப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி மறைப்பவர்கள் உண்டு! அடுத்து வருவது ‘கரகர’ என்னும் ஓசை. லைனிங் முற்றும் தேய்ந்து, பேட்டின் இரும்பு முதுகே வட்டை அராவுகிறது என்று பொருள். அதற்குப் பின் வண்டியை வீட்டுவாசலைத் தாண்டி எடுக்கக்கூடாது.

நம் மாவட்டத்தில் ஒரு சிறப்பு உண்டு. இடவப்பாதியும் துலாமழையும் இரண்டுமே நமக்குக் கிடைக்கின்றன. குளச்சல், முட்டம் பக்கத்தில் உப்புக்காற்றும் சேர்கிறது. ஆகவே மழை பெய்த இரவுக்குப் பின் காலையில் வட்டில் செம்பழுப்புத் துரு படர்ந்திருக்கும்; முதல் இரண்டு பிரேக்கில் உரசல் கேட்டு மறையும். அதற்கு அஞ்ச வேண்டாம். மறையாத ஓசையே ஆபத்து.

சக்கரத்தைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். புதுப் பேட்டின் லைனிங் ஏறத்தாழ 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். உள்பேடும் வெளிபேடும் ஒரே அளவாகத் தேயும் என்று நம்பாதீர்கள். இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் முளைகள் துருவேறி இறுகிவிட்டன என்று பொருள்.

வட்டின் விளிம்பிலோ நடுவிலோ அதன் குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். நம் ஆய்வகத்தின் திருகு அளவியால் அதை அளக்கலாம். வெர்னியர் அளவி இதற்கு ஏற்றதன்று. தேயாத வெளிவிளிம்பு மேடாக நிற்பதால் தாடைகள் அம்மேட்டில் உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி எடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். 15 மி.மீ. என்று பொறித்திருக்கையில் ஓரிடத்தில் 14.9 வந்தாலும் அந்த வட்டு கழிக்கப்பட வேண்டியதே. மெலிந்த வட்டு வெப்பத்தைத் தாங்காது, வெடிப்பும் விடலாம். பேட், வட்டு எதை மாற்றினாலும் இடம், வலம் இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒருபக்கம் மட்டும் புதிதானால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

தூக்குவதில்தான் உயிர் இருக்கிறது

மாணவிகள் தனியே செய்யும் வேலையன்று இது. தகப்பனாரோ தாயாரோ உடன் இருக்க வேண்டும். முதல் முறை, இதைச் செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாமல் கார் ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஸ்பானர் பிடிக்கச் சட்டம் தடை சொல்லவில்லை.

பிரேக்கில் தவறு செய்வதற்கு முன், காரைத் தூக்குவதில் தவறு செய்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே இதில் நான் சற்று நீட்டியே எழுதுகிறேன். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். நம் வீட்டுச் செம்மண் முற்றத்தில், அதுவும் மழைக்குப் பின், ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிச் சாயும். வேறு இடமே இல்லாவிட்டால் கனத்த பலகையை அடியில் போடுங்கள். கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதோ நம் முட்டுக்கட்டை! சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பின் தளர்த்த முயன்றால் வண்டி ஆடும்.

‘எங்களுக்கு அவ்வளவு வலு ஏது?’ என்று கேட்பீர்கள். திருப்புத்திறன் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது. 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவி 25 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் தன் எடையை ஊன்றினால் 11 கிலோ-மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. சிறு கார்களின் சக்கர நட்டுக்குப் போடும் முறுக்கம் இதனை ஒட்டியதுதான். துருவால் நட்டு இறுகியிருந்தால் கைப்பிடியின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆர்க்கிமிடீஸ் உலகத்தையே அசைக்கிறேன் என்றாராம். நமக்கு வேண்டியது ஒரு நட்டு.

ஜாக்கியை வண்டியின் கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே பொருத்துங்கள். தூக்கியதும், ஸ்டாண்டு என்னும் முக்காலி போன்ற இரும்புத் தாங்கியை அடியில் வைத்து, வண்டியின் எடையை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. செங்கல், ஹாலோபிளாக் கல் ஆகியவற்றை ஒருபோதும் வைக்கக்கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் படுக்கப் போட்டு வையுங்கள். தாங்கி தவறினாலும் வண்டி சக்கரத்தின்மேல் விழும்.

பேட் தூசியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முற்காலத்தில் பிரேக் லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சேர்த்தார்கள். வெப்பம் தாங்கும் அந்தப் பொருளின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் பற்றி 1995-இல் நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புக் கூறியது. ‘கல்நார் இல்லை’ என்று எழுதிய பெட்டியையே கேட்டு வாங்குங்கள். கழற்றும் பழைய பேட்டில் என்ன இருந்தது என்று தெரியாதாகையால், தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. நீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள்.

கழற்றலும் பூட்டலும்

இனி வேலை எளிது. ஸ்டியரிங்கைத் திருப்பிக் காலிப்பரைக் கைக்கெட்டச் செய்யுங்கள். பின்புறத்தில் காலிப்பரின் இரண்டு போல்டுகளைக் கழற்றினால் அது கையோடு வரும். அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாதீர்கள். பிரேக் ஆயில் போகும் குழாய் அது; உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. கம்பியால் மேலேயுள்ள சுருள்வில்லில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய பேட்கள் எப்படி அமர்ந்திருந்தன என்று பார்த்துக்கொண்டு எடுங்கள். ஒரு தாளில் படம் வரைந்துகொள்வது இன்னும் நல்லது. பிறகு பேட்களைத் தாங்கிய சட்டத்தின் பெரிய போல்டுகள் இரண்டையும் கழற்றினால் வட்டு விடுபடும். விடுபடாமல் துருவேறி ஒட்டியிருந்தால், பல வட்டுகளில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்டுகளை மாறி மாறி முறுக்கினால் வட்டு தானே வெளியே தள்ளப்படும். சம்மட்டி தேவையில்லை.

வட்டு உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருநீங்கத் தேயுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு வடிவியல் விடை சொல்லும். 14 செ.மீ. அகலமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.1 மி.மீ. துருப்பொடி இருந்தால், 24 செ.மீ. விட்டமுள்ள வட்டின் விளிம்பு 0.17 மி.மீ. தள்ளாடும். ஒத்த முக்கோணங்கள்! அந்தத் தள்ளாட்டம் சில ஆயிரம் கிலோமீட்டரில் வட்டை ஏற்றத்தாழ்வாகத் தேய்த்து, பிரேக் பிடிக்கும்தோறும் ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். புது வட்டு மோசம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோர் தங்கள் ஹப்பைப் பார்ப்பதில்லை.

புது வட்டின்மேல் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனராலோ, சோப்பு நீரில் கழுவி உடனே துடைத்தோ அதை நீக்க வேண்டும். அதன்பின் வட்டின் முகத்தையும் பேட்டின் முகத்தையும் எண்ணெய்க் கையால் தொடக்கூடாது. காலிப்பர் நகரும் முளைகளுக்கு மட்டும் அதற்குரிய சிலிக்கோன் கிறீஸ் தடவுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதச் செய்யும்.

புதுப் பேட் கனமானது. வெளியே நீண்டிருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அது நுழையும். முதலில் இன்ஜின் அறையில் பிரேக் ஆயில் புட்டியைத் திறந்து பாருங்கள். நிறைந்திருந்தால் ஊசிக்குழலால் சிறிது உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையேல் பொங்கி வழிந்து வண்டியின் பெயிண்டைத் தின்றுவிடும். பிறகு பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து, தச்சர் பயன்படுத்தும் ஜி கிளாம்ப்பால் மெல்ல மெல்ல நெருக்குங்கள். அவசரம் கூடாது. ஒரு சக்கரத்தை முழுதும் முடித்த பின்பே மறு சக்கரத்தைக் கழற்றுங்கள். இரண்டும் ஒருசேரக் கழன்றிருந்தால், இங்கே தள்ளும் பிஸ்டன் அங்கே வெளியே வந்து விழலாம். பாஸ்கல் விதி இடம் வலம் பார்ப்பதில்லை! அதோடு, ஒரு பக்கம் பூட்டியபடி இருந்தால் ஐயம் வந்தபோது பார்த்துக்கொள்ள அதுவே மாதிரி. ஒரு எச்சரிக்கை: பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டியிருக்கும், பொத்தானால் இயங்கும் கைப்பிரேக் உள்ள வண்டிகளுக்கு வேறு முறை. அவற்றை ஒர்க்‌ஷாப்பிற்கே விட்டுவிடுவது அறிவுடைமை.

கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் பூட்டுங்கள். போல்டுகளுக்குக் கையேட்டில் முறுக்க அளவு கொடுத்திருக்கும். டார்க் ரெஞ்ச் என்னும் அளவுகாட்டும் ஸ்பானரால் அதன்படியே இறுக்குங்கள். ‘கைக்கணக்கு’ சமையலுக்கு உதவும்; இங்கே உதவாது. சக்கர நட்டுகளைச் சுற்றுவரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, நட்சத்திரம் வரைவது போல் இறுக்க வேண்டும்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு சொல். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் 230, 155. நம் ஊர்க் காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மலையிறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் மிதிகட்டை பஞ்சுபோல் அமிழும், வண்டி நிற்காது. கையேடு கூறும் காலக்கெடுவில் ஆயிலை மாற்றிவிட வேண்டும். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றவே கூடாது.

ஓட்டுமுன்

இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள். எல்லாம் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கியதும் பிரேக்கை மிதித்தால் கட்டை தரைவரை போகும்! பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்தோமல்லவா? அது பேட்டைத் தொடும்வரை வண்டிக்குப் பிரேக்கே இல்லை. இன்ஜினைக் கிளப்புமுன், பலமுறை நிதானமாக மிதித்து, கட்டை உயர்ந்து கெட்டிப்பட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வண்டியை எடுத்து வீட்டுச் சுவரிலோ, முற்றத்தில் விளையாடும் குழந்தைமேலோ மோதுவதற்கு ஒரு வினாடி போதும். பிறகு ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் புது ஆயில் ஊற்றுங்கள். குழாய் எதையும் நாம் திறக்கவில்லையாதலால் ‘ஏர் எடுக்கும்’ வேலை இல்லை. அப்படியும் மிதி பஞ்சுபோல் இருந்தாலோ, எங்கேனும் ஆயில் கசிந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

முதலில் முற்றத்திலேயே நடைவேகத்தில் இரண்டு மூன்று முறை நிறுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால், அதிகாலையில், பள்ளி வண்டிகள் புறப்படுமுன், ஆளரவமற்ற நேரான சாலைக்கு ஓட்டுரிமம் உள்ளவர் எடுத்துச் செல்லட்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ. வரை அளவாகப் பிரேக் பிடித்துக் குறைத்து, அரை நிமிடம் ஓட விட்டு, மீண்டும் குறைக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. பேட்டின் பொருள் மெல்லிய படலமாக வட்டில் ஒரே சீராகப் படிவதற்காக இது. சற்றே கருகல் வாடை வரும், அது இயல்பே. சூடாக இருக்கையில் முழுதும் நிறுத்திக் காலை அழுத்தி வைக்கக்கூடாது. பேட் இருக்கும் இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். பத்து முடிந்ததும் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விட வேண்டும். முதல் 200, 300 கி.மீ. வரை அவசரமின்றி ஓட்டுவது நலம்.

நூறு கிலோமீட்டர் கழிந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கழற்றிய பழைய வட்டுகளைப் பழைய இரும்புக் கடையில் எடை போடுமுன் பள்ளிக்கு ஒன்று கொண்டுவந்தால், ஆய்வகத்தில் வைத்துக்கொள்வோம். திருகு அளவிக்கு எத்தனை காலம்தான் கம்பித் துண்டையே அளந்துகொண்டிருப்பது?